வாசல் ரவுட்டரும் இரண்டாம் கட்டுக் கணினியும்: காவிரி டெல்டாவில் மேசைக் கணினிக்கான வைஃபை அடாப்டர் தேர்வு பற்றிய ஆய்வு

1. பொருளும் எல்லையும்

மடிக்கணினியும் கைப்பேசியும் பெருகிவிட்ட பிறகும் காவிரி டெல்டாவில் மேசைக் கணினிக்கு வேலை குறையவில்லை. அரிசி ஆலையின் கணக்கு மேசை, தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம், இ-சேவை மையம், உரக்கடை, பிள்ளைகள் படிக்கும் வீடு என்று எங்கு போனாலும் ஒரு சிபியுவும் மானிட்டரும் கண்ணில் படுகின்றன. நாடெங்கும் 63,000 தொடக்க வேளாண்மைக் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்க ஒன்றிய அமைச்சரவை 2022 ஜூனில் ஒப்புதல் தந்தது. தமிழ்நாட்டின் 12,525 கிராம ஊராட்சிகளையும் கண்ணாடி இழை வடத்தால் இணைக்கும் பணி தமிழ்நாடு ஃபைபர்நெட் நிறுவனத்திடம் இருக்கிறது. இப்படி இணையம் ஊருக்குள் வந்து தெருவாசலை எட்டிவிடுகிறது. வாசலிலிருந்து கணினி வரையுள்ள கடைசி அறுபது எழுபது அடியில்தான் அது தடுமாறுகிறது.

அந்த அறுபது அடியே இக்கட்டுரையின் பொருள். விலை குறைந்த மதர்போர்டுகளில் பெரும்பாலும் லேன் துளை மட்டுமே இருக்கும், வைஃபை இருக்காது. ஆகவே கடைக்குப் போய் ஒரு டாங்கிள் கேட்கிறோம். கடைக்காரர் 150, 300, 600, 1300 என்று எண் போட்ட பெட்டிகளை வரிசையாக எடுத்து வைக்கிறார். கையிலுள்ள காசுக்கு எட்டும் பெரிய எண்ணை வாங்கி வருகிறோம். வீட்டில் செருகினால் சிக்னல் ஒரு கோடு காட்டுகிறது, அல்லது காட்டவே இல்லை. இந்தத் தேர்வு முறையே தலைகீழானது என்பது என் வாதம். முதலில் முடிவு செய்யவேண்டியது ஆன்டெனா எந்த இடத்தில் நிற்கப்போகிறது என்பது. அந்த இடத்துக்கு எந்த வகை அடாப்டர் போய்ச் சேரும் என்பது இரண்டாவது. பெட்டியின் எண் கடைசியில் வந்தால் போதும்.

எல்லையையும் சொல்லிவிட வேண்டும். ஒரே கட்டடத்துக்குள் லேன் வயர் இழுக்க வழி இருந்தால் அதைவிடச் சிறந்த வைஃபை கிடையாது. அந்த வழி உள்ளவர்கள் இக்கட்டுரையைப் படிக்கத் தேவையில்லை. ஊருக்கு ஊர் ஆன்டெனா வைத்து இணைக்கும் நெடுந்தொலைவு இணைப்புகளும் இங்கே ஒப்புநோக்குக்கு மட்டுமே வருகின்றன.

2. முன்வரலாறு

கம்பியில்லா வலையமைப்பு அட்டை பிறந்ததே மேசை இயந்திரங்களுக்காகத்தான். என்.சி.ஆர். நிறுவனம் கடைகளுக்குக் காசாளர் இயந்திரங்களை விற்றது. கடையின் அமைப்பை மாற்றும்போதெல்லாம் வயரைப் பிடுங்கி மறுபடி இழுக்கவேண்டியிருந்தது. அந்தத் தொல்லைக்குத் தீர்வாக நெதர்லாந்தில் இருந்த அதன் பொறியாளர்கள் உருவாக்கிய வேவ்லான் அட்டை 1990களின் தொடக்கத்தில் விற்பனைக்கு வந்தது. கணினிக்குள் செருகும் அந்த அட்டையின் வேகம் 2 மெகாபிட். அதை உருவாக்கியவர்களில் ஒருவரான விக் ஹேய்ஸ் தலைமை ஏற்ற குழுதான் 1997இல் 802.11 என்ற பொதுத் தரத்தை வெளியிட்டது. பிறகு 2009இல் 802.11என், 2013இல் ஏ.சி., 2021இல் ஏ.எக்ஸ். என்று தரங்கள் வந்தன. இன்று அவற்றையே வைஃபை 4, 5, 6 என்கிறோம். வைஃபை 7க்கான சான்றளிப்பு 2024 ஜனவரியில் தொடங்கியது.

இந்தியாவில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை உரிமம் இல்லாமல் பயன்படுத்த 2005 ஜனவரியில் விதி வந்தது. 5 கிகாஹெர்ட்ஸ் பகுதி 2018 அக்டோபரில் அகலமாகத் திறந்துவிடப்பட்டது. 6 கிகாஹெர்ட்ஸின் கீழ்ப்பகுதிக்கு, அதாவது 5925 முதல் 6425 மெகாஹெர்ட்ஸ் வரைக்கு, தொலைத்தொடர்புத் துறை 2025 மே மாதம் வரைவு விதிகளை வெளியிட்டது. வைஃபை 7 விளம்பரங்களில் வரும் பிரம்மாண்டமான வேகங்கள் 320 மெகாஹெர்ட்ஸ் அகலத்தை நம்பியவை. அவ்வளவு அகலமான சேனலுக்கு 6 கிகாஹெர்ட்ஸில்தான் இடம் உண்டு. ரவுட்டரும் அந்தப் பட்டையில் பேசினால்தான் வைஃபை 7 அடாப்டருக்குக் கொடுக்கும் காசு பலன் தரும்.

நம் பக்கத்திலேயே இரண்டு முன்மாதிரிகள் உண்டு. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998இல் புதுச்சேரிப் பகுதியில் வில்லியனூரை மையமாக வைத்து, கிராமத் தகவல் மையங்களின் கணினிகளை ரேடியோ அலை வழியே இணைத்தது. மின்வெட்டைச் சமாளிக்கச் சூரிய ஒளி மின்சாரத்தையும் சேர்த்துக்கொண்டது. இரண்டாவது தேனி. அங்குள்ள அரவிந்த் கண் மருத்துவமனையையும் சுற்றுவட்டாரக் கண் பரிசோதனை மையங்களையும் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2000களின் நடுவில் சாதாரண வைஃபை சிப்புகளைக் கொண்டே இணைத்தார்கள். நோயாளி கிராமத்தில் உட்கார்ந்திருக்க, மருத்துவர் தேனியிலிருந்து வீடியோவில் பேசினார். அக்குழு 2008இல் எழுதிய கட்டுரையை அடாப்டர் வாங்கும் எவரும் அறிந்திருப்பது நல்லது. இணைப்பைப் பராமரிப்பதில் அவர்களை ஓயாமல் அலைக்கழித்தது ரேடியோ தொழில்நுட்பத்தைவிட மின்சாரத்தின் தரமே. வோல்டேஜ் ஏறி இறங்கியதில் பவர் அடாப்டர்கள் எரிந்தன, கருவிகளின் நினைவகம் கெட்டது. ஏழாம் பகுதியில் இதற்குத் திரும்புவோம்.

3. இடம்

3.1 நீள வீடு

தஞ்சை வட்டாரத்துப் பழைய தெரு வீடு அகலத்தில் சிறியது, நீளத்தில் பெரியது. திண்ணை, ரேழி, கூடம், நடுவில் முற்றம், சுற்றித் தாழ்வாரம், அதற்குப் பின் இரண்டாம் கட்டு, கடைசியில் கொல்லை. ஃபைபர் தெருக் கம்பத்திலிருந்து இறங்குவதால் ரவுட்டர் ரேழியிலோ கூடத்தின் முன் சுவரிலோ ஆணியில் மாட்டப்படுகிறது. கணினியோ படிக்கும் பிள்ளைக்குச் சத்தம் கேட்கக்கூடாது என்று இரண்டாம் கட்டு அறைக்குப் போகிறது. இரண்டுக்கும் நடுவே செங்கல்லும் சுண்ணாம்புக் காரையுமாக ஒன்றரை அடிச் சுவர்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ரவுட்டரின் வெளியீடு 20 டி.பி.எம். (சிக்னல் வலிமையின் அளவு) என்று கொள்வோம், தூரம் 20 மீட்டர், ஏறக்குறைய 65 அடி. நடுவில் எதுவுமே இல்லாவிட்டால் 2.4 கிகாஹெர்ட்ஸில் –46 டி.பி.எம்., 5 கிகாஹெர்ட்ஸில் –53 டி.பி.எம். வந்து சேரும். அலைவரிசை உயர்ந்ததனால் மட்டுமே அந்த 7 டெசிபல் வித்தியாசம். இனிச் சுவருக்கு வருவோம். ஒரு சுவர் 2.4இல் 10 டெசிபலையும் 5இல் 15 டெசிபலையும் விழுங்குவதாக வைத்துக்கொண்டால், மூன்று சுவர் தாண்டியபின் மிஞ்சுவது –76, –98. முதலாவதில் வலைப்பக்கம் தட்டுத் தடுமாறித் திறக்கும். இரண்டாவதில் இணைப்பே கிடைக்காது.

அதே வீட்டில், அதே கணினியில், அடாப்டரை மட்டும் அறைக்கு வெளியே தாழ்வாரத் தூணோரம் கொண்டுவந்து வைப்போம். இப்போது அலை கூடத்துச் சுவர் ஒன்றைத் தாண்டி, மேல் திறந்த முற்றத்தின் வழியாக நேரே வருகிறது. –56, –68. இரண்டாவது எண்ணிலேயே வீடியோ வகுப்பு தடையில்லாமல் ஓடும். ஐந்தாறு அடி நகர்த்தியதில் கிடைத்த லாபம் 2.4இல் 20 டெசிபல், 5இல் 30 டெசிபல். சாதாரண 2 டி.பி.ஐ. ஆன்டெனாவுக்குப் பதில் கடையில் பெருமையோடு எடுத்துக் காட்டும் 5 டி.பி.ஐ. நெட்டை ஆன்டெனாவை வாங்கினால் கிடைக்கும் லாபம் 3 டெசிபல். இந்த ஒப்பீடுதான் என் வாதத்தின் அச்சாணி.

சுவருக்குச் சுவர் இழப்பு மாறும் என்பது உண்மை. அமெரிக்காவின் தேசியத் தரநிலை நிறுவனம் 1997இல் செங்கல், கான்கிரீட், மரம், கண்ணாடி ஆகியவற்றை வரிசையாக வைத்து அளந்தது. செங்கல்லிலும் கான்கிரீட்டிலும் தடிமனும் அலைவரிசையும் ஏற ஏற இழப்பும் ஏறியதை அந்த அளவீடுகள் காட்டுகின்றன. ஆகவே மேலே நான் எடுத்துக்கொண்ட எண்களை வைத்து உங்கள் வீட்டுக்குத் தீர்ப்பு சொல்ல வேண்டாம். அளக்கும் முறை எட்டாம் பகுதியில் வருகிறது.

3.2 நீரும் நெல்லும்

2.4 கிகாஹெர்ட்ஸில் தண்ணீர் மூலக்கூறு ஒத்ததிர்வதால்தான் மைக்ரோவேவ் அடுப்பு சூடாக்குகிறது என்றும், ஆகவே 5 கிகாஹெர்ட்ஸ் ஈரத்துக்கு நல்லது என்றும் படித்தவர்களே சொல்வதுண்டு. தவறு. திரவ நீரின் உறிஞ்சல் 2.4க்குப் பிறகும் ஏறிக்கொண்டே போய் 20 கிகாஹெர்ட்ஸ் அளவில்தான் உச்சத்துக்கு வருகிறது. ஈரமான பொருளுக்குள் 5 கிகாஹெர்ட்ஸ் அலை கூடுதலாகவே செத்துப்போகும். ஐப்பசி, கார்த்திகையில் வெளிச்சுவர் நீர் குடித்து நிற்கும் வீடுகளில் சித்திரையில் கிடைத்த 5 கிகாஹெர்ட்ஸ் சிக்னல் கிடைக்காமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

நெல் இதைவிடச் சுவாரசியமானது. கொள்முதல் நிலையத்தில் நெல்லுக்கு அனுமதிக்கப்பட்ட ஈரப்பதம் 17 சதவீதம். மழை பிடித்த ஆண்டுகளில் விவசாயிகள் தளர்வு கேட்பார்கள். ஒரு மூட்டை 40 கிலோ. 17 சதவீதத்தில் ஒரு மூட்டைக்குள் 6.8 கிலோ தண்ணீர் இருக்கிறது. ஆயிரம் மூட்டையை அட்டியாக அடுக்கினால் 6,800 லிட்டர். அலுவலக மேசைக்கும் ரவுட்டருக்கும் நடுவே அவ்வளவு நீரை நிறுத்திவிட்டு டாங்கிளைக் குறை சொல்கிறோம். தானியத்துக்குள் பிணைந்திருக்கும் நீர் குடத்துத் தண்ணீரைப் போல அவ்வளவு தீவிரமாக உறிஞ்சாது; ஆனால் உறிஞ்சும். தானியத்தின் வழியே நுண்ணலையைச் செலுத்தி, குறைந்துபோன அளவை வைத்தே ஈரப்பதம் காணும் கருவிகள் இருக்கின்றன. ஈரமானிக்குப் பயன்படும் அதே இயல்புதான் ஆலை அலுவலகத்தில் நெட்டை விழுங்குகிறது.

இதனால் ஆலைகளிலும் கிடங்குகளிலும் சிக்னலுக்குப் பருவம் உண்டு. ஆடியில் கிடங்கு காலியாக இருக்கும்போது சோதித்துப் பார்த்து வாங்கிய அடாப்டர், தை, மாசியில் சம்பா, தாளடி நெல் வந்து அட்டி கூரை முட்டும்போது கைவிட்டுவிடும். கருவியில் பழுதில்லை. அட்டிக்கு மேலே, கூரைச் சட்டத்துக்குக் கீழே, காலியாக இருக்கும் இடைவெளிதான் ஆண்டு முழுவதும் அலை போகக்கூடிய வழி. ஆன்டெனாவை மேசை மட்டத்தில் வைக்காமல் அந்த உயரத்துக்கு ஏற்றவேண்டும்.

3.3 தகரம், பீரோ, தெரு நெரிசல்

தகரக் கொட்டகை அலையை விழுங்குவதில்லை, திருப்பி அனுப்புகிறது. கொட்டகைக்குள்ளேயே ரவுட்டர் இருந்தால் இது சாதகம். வெளியே இருந்தால் கதவு, ஜன்னல் வழியே வருவதுதான். இரும்பு பீரோவும் அப்படியே. சிபியு பெட்டியே ஓர் இரும்புப் பெட்டி என்பதை மறந்துவிடுகிறோம். அதன் முதுகுப்புறம் சுவரைப் பார்த்து இருக்க, அங்கே செருகிய சிறு டாங்கிள் இரும்புக்கும் சுவருக்கும் நடுவே அகப்பட்டுக்கொள்கிறது.

தஞ்சாவூர் மேலவீதி போன்ற நெருக்கமான தெருக்களிலும் கும்பகோணத்துக் கடைவீதியிலும் வேறொரு சிக்கல். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என்று மூன்றே. பக்கத்து வீடு, எதிர்க்கடை, மாடி எல்லாம் அந்த மூன்றைப் பங்கு போடுகின்றன. அங்கே 5 கிகாஹெர்ட்ஸ் அவசியம். வயலுக்கு நடுவே தனித்து நிற்கும் வீட்டுக்கு அந்த நெருக்கடி இல்லை, ஆளில்லாத 2.4 அங்கே போதும், பல நேரங்களில் அதுவே மேல்.

4. அடாப்டர் வகைகள்

4.1 யூ.எஸ்.பி.

யூ.எஸ்.பி. அடாப்டரைக் கணினிக்காரர்கள் சற்று இளக்காரமாகப் பார்ப்பார்கள். நகத்தளவு இருக்கும் நேனோ டாங்கிளைப் பொறுத்தவரை அது நியாயம். ஒற்றை ஆன்டெனா, பெரும்பாலும் 2.4 மட்டும், அதுவும் சிபியுவின் இரும்போடு ஒட்டிக்கொண்டு. பயணத்துக்கு ஆகும், நீள வீட்டுக்கு ஆகாது. ஆனால் வெளியே இரண்டு ஆன்டெனா நீட்டிய, இரு பட்டைகளிலும் இயங்கும் யூ.எஸ்.பி. அடாப்டர் வேறு ரகம். அதற்கு வேறெந்த வகைக்கும் இல்லாத ஒரு நற்குணம் உண்டு: எக்ஸ்டென்ஷன் கேபிள் போட்டால் ரேடியோவே இடம் பெயர்கிறது.

இது ஏன் முக்கியம்? பி.சி.ஐ. கார்டின் ஆன்டெனாவையும் வயர் போட்டு நீட்டலாம்தான். ஆனால் அந்த மெல்லிய கோஆக்சியல் வயரில் 2.4 கிகாஹெர்ட்ஸிலேயே மீட்டருக்கு 2 டெசிபல் அளவுக்கு இழப்பு, 5இல் இன்னும் கூடுதல். மூன்று மீட்டர் நீட்டினால் நல்ல ஆன்டெனாவின் லாபம் முழுக்க வயரிலேயே கரைந்துவிடும். யூ.எஸ்.பி. கேபிளில் ஓடுவது எண்ணியல் தரவு. வரம்புக்குள் இருக்கும் வரை ரேடியோ சிக்னலில் ஒரு துளியும் குறையாது. யூ.எஸ்.பி. 2.0க்கு அந்த வரம்பு 5 மீட்டர், 3.0க்கு நடைமுறையில் 3 மீட்டர். தாழ்வாரத் தூணையோ கிடங்கின் கூரைச் சட்டத்தையோ எட்ட 5 மீட்டர் பெரும்பாலும் போதும்.

2.0 துளையில் வேகம் குறையுமே என்று கேட்கலாம். அதன் பெயரளவு வேகம் 480 மெகாபிட். நடைமுறையில் ஏறக்குறைய 300 கிடைக்கும். வீட்டுத் திட்டம் 50 அல்லது 100 மெகாபிட்டாக இருக்கும்போது அது தடையே அல்ல. 3.0 அடாப்டரையும் 2.0 துளையில் தாராளமாகச் செருகலாம். அதில் மறைமுகமான ஒரு நன்மையும் இருக்கிறது. 3.0 துளையும் கேபிளும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் இரைச்சலைக் கசியவிடுகின்றன என்று இன்டெல் நிறுவனமே 2012இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. பக்கத்தில் வெளி ஹார்டு டிஸ்க் ஓடும்போது கம்பியில்லா மவுஸ் திக்கித் திணறுவதைப் பார்த்திருப்பவர்களுக்கு இது புரியும். 2.4ஐ நம்பியிருக்கும் கிராமத்து வீட்டில் அடாப்டரை 2.0 துளையில், நீண்ட கேபிளில், சிபியுவை விட்டுத் தள்ளி வைப்பதே சரி.

ஒரு எச்சரிக்கை. சிபியுவின் முன்பக்கத் துளைக்கு உள்ளே ஒரு நீள வயர் போகிறது. அதனோடு தரமற்ற எக்ஸ்டென்ஷனும் சேர்ந்தால் வோல்டேஜ் இறங்கி, அடாப்டர் நடுவில் நடுவில் விட்டு விட்டு மீளும். 2.0 துளை தருவது 500 மில்லிஆம்பியர் மட்டுமே. பின்பக்கத் துளையையும், கனமான செம்புக் கம்பியுள்ள கேபிளையும் பயன்படுத்த வேண்டும்.

4.2 பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் கார்டு

மதர்போர்டில் நேரே உட்காரும் இந்தக் கார்டு நிலையானது. தளர்ந்து கழன்று விழாது, சூட்டைத் தாங்கும், வேகத்துக்கும் குறைவில்லை. ரவுட்டர் இருக்கும் அறையிலோ முற்றத்தைப் பார்த்த அறையிலோ கணினி இருந்தால் இதையே வாங்கலாம். ஆனால் வாங்கும்போது ஆன்டெனா கார்டின் முதுகிலேயே திருகுவதா, காந்த அடித்தளத்தோடு தனி வயரில் வருவதா என்று பார்க்கவேண்டும். இரண்டாவதுதான் வேண்டும், ஒரு மீட்டர் வயர் இருந்தாலே மேசை மேல் ஏற்றிவிடலாம். புளூடூத் சேர்ந்த கார்டுகளில் உள்ளே இருந்து யூ.எஸ்.பி. வயர் ஒன்று மதர்போர்டின் ஒன்பது முள் இணைப்பிக்குப் போகும். அதைச் செருக மறந்துவிட்டுப் புளூடூத் வேலை செய்யவில்லை என்று கார்டைத் திருப்பிக் கொடுப்பவர்கள் உண்டு.

4.3 எம்.2

புதிய போர்டுகளில் வைஃபைக்கென்றே சிறு எம்.2 துளை இருக்கும். அங்கே ஒரே ஒரு பொறி. இன்டெல்லின் ஏ.எக்ஸ்.210 எந்த போர்டிலும் ஓடக்கூடிய முழுமையான அட்டை. ஏ.எக்ஸ்.201, ஏ.எக்ஸ்.211 ஆகியவை பாதி வேலையை இன்டெல் செயலியிடமே விட்டுவிடுபவை, ஏ.எம்.டி. போர்டில் செருகினால் உயிர் வராது. கடைசி எண் ஒன்று தப்பினால் காசு வீண்.

5. பெட்டியின் மேல் உள்ள எண்

ஏ.சி.1300 என்றால் 5 கிகாஹெர்ட்ஸின் 867 மெகாபிட்டையும் 2.4இன் 400ஐயும் கூட்டி வட்டமாக்கியது. ஏ.எக்ஸ்.1800 என்றால் 1201உம் 574உம். அடாப்டர் ஒரு நேரத்தில் ஒரு பட்டையில்தான் இணையும். ஆக, கூட்டுத்தொகைக்கு நடைமுறையில் பொருளே இல்லை. ஒவ்வொரு பாதியும்கூட ரவுட்டர் பக்கத்திலேயே இருந்தால் எட்டக்கூடிய உச்சம்.

எண்ணுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் பயனுள்ள தகவல் வேறு: எத்தனை ஆன்டெனா வழி? 5 கிகாஹெர்ட்ஸில் 433 என்று இருந்தால் ஒன்று, 867 என்று இருந்தால் பெரும்பாலும் இரண்டு. தூணிலும் சுவரிலும் பட்டுப் பல திசையிலிருந்து அலை வரும் வீட்டில், ஓர் ஆன்டெனா இருக்கும் புள்ளியில் சிக்னல் செத்துப்போனாலும் சில அங்குலம் தள்ளியுள்ள மற்றொன்று பிடித்துக்கொள்ளும். ஆகவே இரட்டை ஆன்டெனாவை வேகத்துக்காக அல்ல, உறுதிக்காக வாங்கவேண்டும்.

வைஃபை 6 வேண்டுமா? முதலில் ரவுட்டரைத் திருப்பி அதன் அடியில் உள்ள ஸ்டிக்கரைப் படியுங்கள். சேவை நிறுவனம் கொடுத்த பெட்டி வைஃபை 4 அல்லது 5ஆக இருந்தால் வைஃபை 6 அடாப்டரும் அதன் மொழியிலேயே பேசும். ரவுட்டரும் 6ஆக இருந்தால் மட்டும் ஒரு உண்மையான லாபம் உண்டு: வைஃபை 5 தரம் 5 கிகாஹெர்ட்ஸுக்கு மட்டுமே, 6 வந்தபோதுதான் 2.4க்கும் 2009க்குப் பின் புது உயிர் கிடைத்தது. தனித்த கிராமத்து வீட்டுக்கு இது பெரிய விஷயம்.

6. சிப்பும் டிரைவரும்

ஒரே மாடல் பெயரில் வேறு வேறு சிப் வருவது இந்தச் சந்தையின் பழைய வழக்கம். நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு டி.பி.-லிங்கின் டி.எல்.-டபிள்யூ.என்.722என். முதல் பதிப்பில் ஏதெராஸ் ஏ.ஆர்.9271 சிப் இருந்தது. இரண்டாம் பதிப்பில் ரியல்டெக் 8188க்கு மாறியது. பெட்டியும் படமும் ஒன்றுதான். லினக்ஸ் பயன்படுத்துகிறவர்களுக்கு அந்த வித்தியாசம், செருகியதும் வேலை செய்வதற்கும் இரவெல்லாம் டிரைவர் தேடுவதற்கும் உள்ள வித்தியாசம்.

இது சிலருக்கு மட்டுமே உரிய கவலை என்று ஒதுக்க முடியாது. விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14இல் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 ஏற்காத பழைய சிபியுக்கள் டெல்டா முழுக்க இருக்கின்றன. அவற்றைக் குப்பைக்கு அனுப்பாமல் லினக்ஸ் போட்டு ஓட்டுவதே நியாயமான வழி. அந்த நோக்கம் இருந்தால் லினக்ஸின் கருவான கர்னலிலேயே டிரைவர் உள்ள மீடியாடெக் 7612யு, 7921ஏ.யு. போன்ற சிப்புகள் உள்ள அடாப்டரைக் கேட்டு வாங்க வேண்டும். ரியல்டெக்கின் யூ.எஸ்.பி. சிப்புகளில் சிலவற்றுக்கு அண்மைக் கர்னல்களில் ஆதரவு வந்துவிட்டது; பழையவற்றுக்கு வெளியிலிருந்து டிரைவர் எடுத்துக் கட்டவேண்டியிருக்கும், கர்னல் மாறும்போதெல்லாம் அது அறுந்துபோகும்.

விண்டோஸிலும் ஒரு சின்னச் சிக்கல். நெட் வருவதற்கு டிரைவர் வேண்டும், டிரைவரை இறக்க நெட் வேண்டும். பெட்டியில் வரும் குறுந்தகட்டைப் போட இன்றைய சிபியுவில் டிரைவ் இல்லை. கைப்பேசியை யூ.எஸ்.பி. வயரில் இணைத்து டெதரிங் போட்டால் கணினிக்குத் தற்காலிக நெட் கிடைக்கும். அதைக் கொண்டு டிரைவரை இறக்கிக்கொள்ளலாம்.

சங்கம், இ-சேவை மையம் போன்று பிறர் பணமும் ஆதாரும் புழங்கும் இடங்களில் டபிள்யூ.பி.ஏ.3 என்ற பாதுகாப்புத் தரத்துக்கு ஆதரவுள்ள அடாப்டரே வேண்டும். இதில் விட்டுக்கொடுக்கக் கூடாது.

7. மின்சாரம்

ஆலையில் மோட்டார் ஓடினால் நெட் போய்விடுகிறது என்ற புகார் பரவலானது. மோட்டார் அலையைக் கெடுக்கிறது என்று விளக்கம் சொல்வார்கள். மோட்டாரும் அதன் கட்டுப்பாட்டுக் கருவியும் கிளப்பும் மின் இரைச்சல் வைஃபையின் கிகாஹெர்ட்ஸ் பட்டைகளுக்கு வெகு கீழே அடங்கிவிடுகிறது. உண்மையில் நடப்பது வேறு. பெரிய மோட்டார் நேரடியாகத் தொடங்கும்போது வழக்கமான ஓட்டத்தைப்போல ஐந்து முதல் ஏழு மடங்கு கரண்டை இழுக்கிறது. லைனில் வோல்டேஜ் ஒரு கணம் குழிவிழுகிறது. ரவுட்டரின் மலிவான 12 வோல்ட் அடாப்டர் அதைத் தாங்காமல் ரவுட்டர் மறுபடி தொடங்குகிறது. புது டாங்கிள் வாங்கினாலும் இது தீராது. ரவுட்டருக்கு ஒரு சிறு யூ.பி.எஸ். வைத்தால் தீரும். தேனி ஆய்வாளர்கள் எழுதியது இதற்கு இணையான அனுபவமே.

இன்னொரு மின்சாரக் காரணம் கம்பியில்லா இணைப்புக்கு ஆதரவாகவே பேசுகிறது. வீட்டுக்கும் ஆலைக்கும், அல்லது ஆலைக்கும் கிடங்குக்கும் தனித்தனி எர்த் இருக்கும். இரண்டுக்கும் நடுவே செம்பு லேன் வயரை வெளியில் இழுத்தால், வடகிழக்குப் பருவமழையின் இடி மின்னலில் இரண்டு முனைக் கருவிகளும் சேர்ந்து போகும். அங்கே ஃபைபரோ வைஃபையோதான் சரி.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்தபோது மின்கம்பங்கள் சாய்ந்தன. பல ஊர்களுக்கு வாரக்கணக்கில் கரண்ட் வரவில்லை. கம்பத்தில் கட்டிய வடங்களும் அவற்றோடு போயின. இத்தகைய நாட்களில் முதலில் மீள்வது பெரும்பாலும் கைப்பேசிக் கோபுரம்தான். ஜெனரேட்டரில் ஓடும் சங்கத்துக் கணினி கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டைப் பிடித்துக்கொண்டு வேலை செய்ய, அதில் ஒரு வைஃபை அடாப்டர் இருக்கவேண்டும். லேன் வயர் இருக்கும் அலுவலகங்களும் மாற்றுவழியாக ஒன்றை வாங்கி வைப்பது இந்தக் கடலோரத்தில் தேவையான முன்னேற்பாடு என்று நினைக்கிறேன். நாகப்பட்டினம், வேதாரண்யம் பகுதியில் அதை உறைக்குள் வைத்திருப்பது நல்லது; உப்புக் காற்று யூ.எஸ்.பி. முனையின் தகட்டைச் சீக்கிரமே அரித்துவிடும்.

8. அளந்து பார்த்தல்

வாங்குவதற்கு முன்பே அளக்கலாம், காசும் ஆகாது. சிக்னலை டி.பி.எம். எண்ணாகக் காட்டும் இலவசச் செயலி ஒன்றை ஆண்ட்ராய்டு கைப்பேசியில் போட்டுக்கொண்டு, கணினி இருக்கும் இடத்தில் நில்லுங்கள். கைப்பேசியை முகத்துக்கு நேரே பிடிக்காமல், அடாப்டர் இருக்கப்போகும் இடத்திலேயே வையுங்கள்: சிபியுவின் முதுகில், மேசை மேல், ஜன்னல் கட்டையில், கதவு நிலைக்கு மேலே, தூணோரம். ஒவ்வொரு இடத்திலும் இரண்டு பட்டைகளின் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். நம் உடம்பும் நீர்தான். ரவுட்டருக்கும் கைப்பேசிக்கும் நடுவே நின்றுகொண்டு அளந்தால் எண் தப்பும்.

–67க்கு மேல் உள்ள இடம் நல்ல இடம். –70க்குக் கீழே இறங்கினால் வீடியோ அழைப்பு சந்தேகம். –80க்குக் கீழே எந்த அடாப்டரும் காப்பாற்றாது. சிபியுவின் முதுகிலேயே நல்ல எண் வந்தால் கார்டு வாங்குங்கள். மேசை மேலோ ஜன்னலிலோ வந்தால் காந்த அடித்தள ஆன்டெனா உள்ள கார்டு. தூணிலோ கூரைச் சட்டத்திலோதான் வருகிறது என்றால் இரட்டை ஆன்டெனா யூ.எஸ்.பி. அடாப்டரும் ஐந்து மீட்டர் கேபிளும். ஐந்து மீட்டருக்குள் எங்குமே வரவில்லையா? டாங்கிள் வாங்கவேண்டாம். அந்தக் காசோடு இன்னும் கொஞ்சம் போட்டு, ரவுட்டரை ரேழியிலிருந்து கூடத்துக்கோ முற்றத்துத் தாழ்வாரத்துக்கோ இடம் மாற்றித் தரச் சொல்லி ஃபைபர்காரரைக் கூப்பிடுங்கள். வடத்தை முப்பது அடி உள்ளே இழுப்பது அவர்களுக்குச் சிறிய வேலை. இரண்டாம் கட்டுக் கணினிக்கு அது இரண்டு சுவர் குறைந்த மாதிரி.

ஆலையிலும் கிடங்கிலும் இந்த அளவீட்டைத் தை மாதம், அட்டி நிறைந்திருக்கும்போது செய்யவேண்டும். வீட்டில் என்றால் ஐப்பசி அடைமழைக்கு அடுத்த நாள்.